பொருள் தயாரிக்காதவர் தொடுக்கும் காப்புரிமை வழக்குகள்: ‘பேட்டன்ட் டிரோல்’ விவாதம் பற்றி

கேள்வி: அமெரிக்காவில் எந்தப் பொருளும் தயாரிக்காத, யாரும் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத நிறுவனங்கள் ஆப்பிள், கூகுள், இன்டெல் போன்ற நிறுவனங்கள்மீது காப்புரிமை மீறல் வழக்குத் தொடுத்துப் பெருந்தொகை கேட்கின்றன. இவற்றைப் ‘பேட்டன்ட் டிரோல்’ என்று பழிக்கிறார்கள். இது சட்டத்தின் பெயரில் நடக்கும் மிரட்டலா, அல்லது கண்டுபிடித்தவருக்குச் சேர வேண்டிய நியாயமான பணமா?

இரண்டும் நடக்கின்றன. ஆனால் ஒரு வழக்கு இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை, வாதி ஒரு பொருளைத் தயாரிக்கிறாரா இல்லையா என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு முடிவுசெய்ய முடியாது என்பதே என் கருத்து. அந்தக் காப்புரிமை எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, அதை எதிர்த்து நிற்க எவ்வளவு செலவாகும், தோற்றால் என்ன இழக்க வேண்டியிருக்கும் என்ற மூன்றையும் பார்த்தால்தான் உண்மை விளங்கும். பொதுவிவாதத்தில் இம்மூன்றும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, வாதி யார் என்பதே முன்னுக்கு வந்துவிடுகிறது.

முதலில் சட்டத்தின் நிலை. காப்புரிமை என்பது ஒரு பொருளைச் செய்வதற்கான உரிமை அன்று. மற்றவர் அதைச் செய்யவிடாமல் தடுப்பதற்கான உரிமை. கண்டுபிடிப்பைத் தானே உற்பத்தி செய்து விற்க வேண்டும் என்ற நிபந்தனை எதையும் அமெரிக்கச் சட்டம் விதிக்கவில்லை. நிலத்தைப் போலவே காப்புரிமையையும் விற்கலாம், வாங்கலாம், அடமானம் வைக்கலாம். ஒரு நிறுவனம் நொடித்துப்போனால் கடன்காரர்களுக்கு மிஞ்சும் சொத்தாகப் பல சமயங்களில் அதன் காப்புரிமைகள்தான் இருக்கும். பல்கலைக்கழகங்களும் எதையும் தயாரிப்பதில்லை. ஆயினும் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் மார்வெல் என்ற சிப் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் 2012-இல் ஜூரி 117 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2016-இல் 75 கோடி டாலரில் சமரசம் ஏற்பட்டது. அப்பல்கலைக்கழகத்தை டிரோல் என்று சொல்லப் பெரும்பாலானோர் தயங்குவர்.

அப்படியானால் மிரட்டல் எங்கே நுழைகிறது? வழக்குச் செலவின் கணக்கில் நுழைகிறது. அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கை ஜூரி விசாரணை வரை கொண்டுசெல்லப் பிரதிவாதிக்குப் பல மில்லியன் டாலர் செலவாகும். பொறியாளர்களின் மின்னஞ்சல்கள், வடிவமைப்பு ஆவணங்கள், மூல நிரல் ஆகிய அனைத்தையும் எதிர்த்தரப்பின் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். நிபுணர்களை அமர்த்த வேண்டும். வாதியோ ஒரு பெயர்ப்பலகை நிறுவனம். அதற்குப் பொறியாளரும் இல்லை, கொடுப்பதற்கு ஆவணங்களும் இல்லை. வழக்கறிஞருக்கும் வெற்றியில் பங்கு என்ற ஏற்பாட்டில்தான் பெரும்பாலும் கூலி. மேலும், தோற்றவர் வென்றவரின் வழக்குச் செலவைத் தர வேண்டும் என்ற பொதுவிதி அமெரிக்காவில் இல்லை. ‘விதிவிலக்கான’ வழக்குகளில் மட்டும் நீதிபதி அவ்வாறு உத்தரவிடலாம். இந்த நிலையில் வழக்கை முடித்துக்கொள்ள வாதி கேட்கும் தொகை, எதிர்த்து நிற்கும் செலவைவிடச் சற்றே குறைவாக இருந்தால் போதும். காப்புரிமை செல்லுமா செல்லாதா என்ற கேள்வியே எழாமல் பணம் கைமாறிவிடும்.

பொருள் தயாரிக்கும் இரு நிறுவனங்களுக்கு இடையே இது இவ்வளவு எளிதாக நடப்பதில்லை. ஒருவர் வழக்குத் தொடுத்தால் மற்றவர் தம்மிடம் உள்ள காப்புரிமைகளைக் கொண்டு எதிர்வழக்குத் தொடுப்பார். அந்த அச்சத்தால்தான் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் பரஸ்பர உரிமம் கொடுத்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்கின்றன. எதையும் தயாரிக்காதவர்மீது எதிர்வழக்குத் தொடுக்க அவரிடம் மீறும் பொருள் ஏதும் இல்லை. ‘தயாரிக்காதவர்’ என்ற தன்மைக்கு உண்மையான முக்கியத்துவம் இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு பிரதிவாதி முழு விசாரணை நடத்தி ஒரு காப்புரிமை செல்லாது என்று தீர்ப்புப் பெற்றால், 1971-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, அந்தக் காப்புரிமையை வைத்து வேறு யார்மீதும் வாதி பொதுவாக வழக்காட முடியாது. அதாவது போராடியவர் ஒருவர். பலன் அனைவருக்கும், போட்டியாளர்கள் உட்பட. செலவை ஏற்க யாரும் முன்வராததில் வியப்பில்லை. வாதிக்கும் இது தெரியும். ஆகவே உண்மையிலேயே போராடத் துணிந்தவர்மீதான வழக்கை ஓசையின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்தவரைத் தேடிச் செல்வது இத்தொழிலின் வழக்கமான நடைமுறை.

இந்தக் கணக்கு அதன் அப்பட்டமான வடிவில் வெளிப்பட்டது எம்பிஎச்ஜே டெக்னாலஜி என்ற நிறுவனத்தின் விவகாரத்தில். ஓர் ஆவணத்தை ஸ்கேன் செய்து நேராக மின்னஞ்சலில் அனுப்பும் வசதி தன் காப்புரிமைக்குள் வருகிறது என்று அது கூறிக்கொண்டது. ஸ்கேனர் தயாரிப்பவர்களை விட்டுவிட்டு, ஸ்கேனரை வாங்கி அலுவலகத்தில் வைத்திருந்த சிறு நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. முதல் கடிதம் பல்வேறு துணை நிறுவனங்களின் பெயரில் வரும். மற்றவர்கள் ஏற்கெனவே உரிமம் பெற்றுவிட்டார்கள் என்று சொல்லி, ஊழியர் ஒருவருக்குச் சுமார் 1,000 டாலர் கேட்கும். பதில் இல்லையென்றால் அடுத்த கடிதம் வழக்கறிஞர் நிறுவனத்தின் பெயரில் வரும். மூன்றாவதோடு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்போவதாகச் சொல்லப்பட்ட வழக்கு மனுவின் வரைவும் இணைக்கப்பட்டிருக்கும். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்களுக்குக் கடிதங்கள் சென்றதாகவும், வழக்குத் தொடுக்கும் எண்ணமே இல்லாமல் அந்த மிரட்டல் விடுக்கப்பட்டதாகவும், பலர் உரிமம் பெற்றுவிட்டதாகச் சொன்னது பொய் என்றும் அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2014 நவம்பரில் அந்நிறுவனம் ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டே வெர்மாண்ட் மாநிலம் வழக்குத் தொடர்ந்ததோடு, தீய நோக்கில் விடுக்கப்படும் காப்புரிமை மிரட்டல்களுக்கு எதிராகத் தனிச் சட்டமும் இயற்றியது. இருபது முப்பது பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்றின் உரிமையாளர் காப்புரிமையின் செல்லுபடியை ஆராயவா போகிறார்? அவர் தம் வழக்கறிஞரின் ஒரு மணிநேரக் கட்டணத்தைத்தான் முதலில் நினைப்பார்.

பெரிய நிறுவனங்களின் விஷயத்தில் கருவி வேறு. பிளாக்பெர்ரி தயாரித்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தின்மீது என்டிபி என்ற வர்ஜீனியா நிறுவனம் 2001-இல் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூரி விதித்த இழப்பீடு சுமார் 2.3 கோடி டாலர்தான். ஆனால் 2006 மார்ச்சில் சமரசமாகக் கொடுக்கப்பட்ட தொகை 61.25 கோடி டாலர். இடைப்பட்ட காலத்தில் பிளாக்பெர்ரி விற்பனை பன்மடங்கு பெருகியது உண்மையே. எனினும் தொகையை அந்த உயரத்துக்கு ஏற்றியது, அமெரிக்காவில் சேவையையே நிறுத்திவிடக்கூடிய தடையாணையின் அச்சம். அரசு அலுவலர்கள் பலர் அக்கருவியைப் பயன்படுத்திவந்ததால் அமெரிக்க அரசே நீதிமன்றத்தில் தன் கவலையைத் தெரிவித்தது. இவ்வளவுக்கும், சமரசத்துக்கு முன்பே காப்புரிமை அலுவலகம் அந்தக் காப்புரிமைகளை மறு ஆய்வு செய்து அவற்றை நிராகரிக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஆய்வும் மேல்முறையீடும் முடியும்வரை காத்திருக்கும் துணிவு, கடையை மூட வேண்டிவருமோ என்று அஞ்சும் நிறுவனத்துக்கு இராது.

இரண்டே மாதத்தில், 2006 மே மாதம், உச்ச நீதிமன்றம் ஈபே எதிர் மெர்க்எக்ஸ்சேஞ்ச் வழக்கில் இந்தக் கருவியின் கூர்மையைக் குறைத்தது. மீறல் நிரூபணமானவுடன் கிட்டத்தட்ட இயந்திரகதியில் தடையாணை தரும் பழக்கம் தவறு என்றும், பணத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு உண்டா, பொதுநலன் பாதிக்கப்படுமா என்பன உள்ளிட்ட நான்கு அம்சங்களை ஆராய்ந்த பிறகே தடையாணை தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. உரிமத் தொகைக்காக மட்டுமே காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனங்களைப் பற்றி நீதிபதி கென்னடி தனியாக எழுதிய குறிப்பு பின்னாளில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. டிரோல் பற்றிய புகார்களுக்குக் கிடைத்த பதில்களில் மிகச் சிறந்ததாக நான் கருதுவது இத்தீர்ப்பைத்தான். யார் வழக்குத் தொடுக்கலாம் என்பதில் அது தலையிடவில்லை. வென்றவருக்கு எது கிடைக்கும் என்பதை அவருடைய உண்மையான இழப்போடு பொருத்தியது.

தடையாணையின் பலம் குறைந்ததும் வழக்குகள் நிற்கவில்லை. இடம் பார்த்து அமர்ந்தன. கிழக்கு டெக்சாஸ் மாவட்ட நீதிமன்றத்தில், அதிலும் மார்ஷல் என்ற சிறு நகரத்தில், விசாரணை விரைவாக நடக்கும். ஜூரி விசாரணைக்குச் செல்லும் முன்பே வழக்கைத் தள்ளுபடி செய்வது அரிது. 2015-இல் அமெரிக்காவில் தாக்கலான காப்புரிமை வழக்குகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரு மாவட்டத்தில்தான் தாக்கலாயின. ராட்னி கில்ஸ்ட்ராப் என்ற ஒரே நீதிபதியிடம் அந்த ஆண்டில் 1,600-க்கும் மேற்பட்ட வழக்குகள் வந்தன. அங்கே அடிக்கடி பிரதிவாதியாக நின்ற சாம்சங், நீதிமன்றக் கட்டடத்துக்கு எதிரிலேயே ஊர் மக்களுக்குப் பனிச்சறுக்குத் திடல் அமைக்கப் பணம் கொடுத்தது. ஜூரியில் அமரப்போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தானே. 2017-இல் டிசி ஹார்ட்லேண்ட் வழக்கில், பிரதிவாதி பதிவுபெற்ற மாநிலத்திலோ, அவருக்கு நிலையான தொழிலிடம் இருந்து மீறலும் நடந்த மாவட்டத்திலோ மட்டுமே வழக்குத் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்த பிறகு இந்தக் கூட்டம் கலைந்தது. 2019 ஏப்ரலில் ஆப்பிள் அம்மாவட்டத்தில் இருந்த தன் இரு கடைகளையும் மூடி, எல்லைக்கு அப்பால் டல்லஸ் நகரில் புதியதைத் திறந்தது. காரணத்தை அது சொல்லவில்லை. காப்புரிமை வழக்கறிஞர்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படவும் இல்லை. பிறகு வழக்குகள் மேற்கு டெக்சாஸின் வேக்கோ நகருக்குப் பெயர்ந்தன. அங்கே ஒரே நீதிபதியிடம் குவிந்தவற்றை 2022 ஜூலையில் மாவட்டத்தின் பல நீதிபதிகளுக்கும் குலுக்கல் முறையில் பகிர்ந்தளிக்க வேண்டியதாயிற்று.

இனி என் பார்வையில் மிக அடிப்படையான குறைக்கு வருகிறேன்: காப்புரிமையின் எல்லை. வேதிப்பொருள் ஒன்றுக்கான காப்புரிமையில் மூலக்கூறின் வடிவம் வரையப்பட்டிருக்கும். அதைப் பயன்படுத்துகிறோமா இல்லையா என்று பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடலாம். மென்பொருள் காப்புரிமைகளில் பல, ஒரு வேலையை எப்படிச் செய்வது என்பதை விட்டுவிட்டு, செய்து முடித்த பயனையே உரிமையாகக் கோருகின்றன. 1990-களின் இணையப் பெருக்கத்தின்போது இத்தகையவை ஏராளமாக வழங்கப்பட்டன. அப்போது காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய காப்புரிமைகள் இருந்தனவே தவிர, உண்மையில் புழக்கத்தில் இருந்த நிரல்களும் ஆய்வகச் சோதனைகளும் ஒழுங்கான தொகுப்பாக இருக்கவில்லை.

ஈயோலாஸ் என்ற நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சரியான சான்று. இணையப் பக்கத்துக்குள்ளேயே இயங்கும் நிரலைப் பொருத்துவது பற்றிய அதன் காப்புரிமையை வைத்து மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராக 2003-இல் 52 கோடி டாலர் தீர்ப்பு வந்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மாற்றி அமைத்ததால், பக்கத்தில் உள்ள ஒரு காணொளியையோ விளையாட்டையோ இயக்கப் பயனர் அதன்மீது ஒருமுறை கூடுதலாகச் சொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் இணையத்தைப் பயன்படுத்திய பலருக்கு அந்த எரிச்சல் நினைவிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு காப்புரிமை இருந்தது சிலருக்கே தெரியும். 2012 பிப்ரவரியில் கூகுள், அமேசான், யாஹூ முதலியவற்றுக்கு எதிரான விசாரணை டெக்சாஸின் டைலர் நகரில் நடந்தபோது, உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ சாட்சி சொல்ல நேரில் வந்தார். வயோலா என்ற ஆரம்பகால உலாவியை எழுதியவரும் வந்து, 1993-லேயே தாம் செய்துகாட்டியதை விளக்கினார். காப்புரிமை செல்லாது என்று ஜூரி முடிவுசெய்தது. சட்டம் கடைசியில் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது என்று இதைப் பாராட்டலாம். ஆனால் காப்புரிமை வழங்கப்பட்டது 1998-இல். அது செல்லாது என்று ஆவதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இணையக் கடையில் பொருள்களைச் சேர்த்துவைக்கும் ‘ஷாப்பிங் கார்ட்’ பற்றிய சோவரெய்ன் நிறுவனத்தின் காப்புரிமைகளும் இதே பாதையில் சென்றன. அமேசான் 2005-இல் 4 கோடி டாலர் கொடுத்து விலகியது. அதைவிடப் பலமடங்கு சிறிய நியூஎக் என்ற இணையக் கடை போராடித் தோற்று, மேல்முறையீட்டில் 2013-இல் வென்றது. 1980-களிலேயே கம்ப்யூசர்வ் மால் என்ற சேவை இருந்ததைக் கணக்கில் கொண்டால் அந்தக் கண்டுபிடிப்பு எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே என்று நீதிமன்றம் கூறியது. ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும்: அக்காப்புரிமைகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஓப்பன் மார்க்கெட் என்ற, உண்மையான மென்பொருளை உண்மையான வாடிக்கையாளர்களுக்கு விற்ற நிறுவனத்தில் அவை பிறந்தன.

இந்த நோயை மென்பொருள்தான் கொண்டுவந்தது என்றும் எண்ண வேண்டாம். ஜார்ஜ் செல்டன் என்ற காப்புரிமை வழக்கறிஞர் 1879-இல் மோட்டார் வாகனத்துக்கு விண்ணப்பித்து, திருத்தங்கள் செய்து செய்து இழுத்தடித்து, அத்தொழில் தளிர்விட்ட 1895-இல் காப்புரிமையைப் பெற்றார். வாகன உற்பத்தியாளர்கள் பலர் சங்கம் அமைத்துக் கப்பம் கட்டினர். ஹென்றி ஃபோர்டு மறுத்தார், 1909-இல் தோற்றார், 1911-இல் மேல்முறையீட்டில் வென்றார். காப்புரிமைக் காலத்தை வழங்கிய நாளிலிருந்து கணக்கிடாமல் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்று 1995-இல் அமெரிக்கா மாற்றியபோதுதான் இவ்வாறு காலம் கடத்தும் தந்திரத்தின் ஆதாயம் பெருமளவு அழிந்தது.

இனி மறுபக்கம். ‘டிரோல்’ என்ற பட்டம் யாருக்கு வசதியானது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டு இயங்கும் கார்க் கண்ணாடித் துடைப்பானைக் கண்டுபிடித்த ராபர்ட் கேர்ன்ஸ் அதைத் தானே தயாரிக்க விரும்பினார், முடியவில்லை. ஃபோர்டு நிறுவனத்துடன் பல்லாண்டு வழக்காடி 1990-இல்தான் சுமார் 1 கோடி டாலர் பெற்றார். இன்றைய வகைப்பாட்டின்படி அவரும் ‘பொருள் தயாரிக்காத’ வாதியே. ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் 1994-இல் தரவுச் சுருக்கத் தொழில்நுட்பத்துக்காக மைக்ரோசாஃப்ட்டிடம் 12 கோடி டாலர் தீர்ப்பு வென்றது. டொரொன்டோவின் ஐஃபோர்ஐ நிறுவனம் மைக்ரோசாஃப்ட் வேர்டு தொடர்பாக வென்ற சுமார் 29 கோடி டாலரை 2011-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. இவ்விரண்டும் சொந்தமாகப் பொருள் விற்றவை. பெரிய நிறுவனம் சிறியவரின் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு, ‘வேண்டுமானால் வழக்குப் போடு’ என்று இருந்துவிடுவதும் ஒரு கணக்குதான்; முன்பு சொன்ன செலவுக் கணக்கே இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. வழக்காடப் பணமில்லாத கண்டுபிடிப்பாளருக்குத் தம் காப்புரிமையை அந்தப் பணம் உள்ள ஒருவரிடம் விற்பது ஒன்றே வழியாக இருக்கலாம்.

பெரிய நிறுவனங்களின் கைகளும் அவ்வளவு சுத்தமல்ல. நொடித்துப்போன நார்டெல் நிறுவனத்தின் காப்புரிமைகளை 2011-இல் 450 கோடி டாலருக்கு வாங்கிய கூட்டணியில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சோனி, எரிக்சன், பிளாக்பெர்ரி ஆகியவை இருந்தன. அவற்றில் பெரும்பகுதியை வைத்து உருவான ராக்ஸ்டார் என்ற அமைப்பு 2013-இல் கூகுள்மீதும் ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்கள்மீதும் வழக்குத் தொடுத்தது, அதுவும் கிழக்கு டெக்சாஸில். ராக்ஸ்டார் எதையும் தயாரிக்கவில்லை. அதன் உடைமையாளர்களோ உலகின் மிகப் பெரிய தயாரிப்பாளர்கள். ‘டிரோல்’ என்ற பழிச்சொல்லை இன்டெல்லில் இருந்தபோது பரப்பிய வழக்கறிஞர் பீட்டர் டெட்கின் பின்னாளில் சேர்ந்தது, காப்புரிமைகளை வாங்கிக் குவித்து, அதே சொல்லால் மிகுதியாக ஏசப்பட்ட இன்டெலெக்சுவல் வென்ச்சர்ஸ் நிறுவனத்தில். இதற்குமேல் அந்தப் பட்டத்தை ஓர் அளவுகோலாகக் கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஆகவே தீர்வைச் செலவிலும் எல்லையிலும்தான் தேட வேண்டும். 2011-இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கண்டுபிடிப்புச் சட்டம், வழங்கப்பட்ட காப்புரிமையின் செல்லுபடியைக் காப்புரிமை அலுவலகத்தின் தீர்ப்பாயத்திலேயே எதிர்க்கும் வழியை 2012 முதல் திறந்துவிட்டது. நீதிமன்ற வழக்கோடு ஒப்பிட்டால் செலவு ஒரு சிறு பங்கு. விசாரிப்பவர்கள் தொழில்நுட்பம் அறிந்த நீதிபதிகள். பாட்காஸ்ட் முறையே தன் காப்புரிமைக்குள் அடங்கும் என்ற பெர்சனல் ஆடியோ நிறுவனத்தின் கோரிக்கையை 2015-இல் முறியடித்தது இந்த வழிதான். முறையிட்டது எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற பொதுநல அமைப்பு. 2014-இல் ஆலிஸ் வழக்கில், ஒரு பழைய வணிக நடைமுறையைக் கணினியில் செய் என்று சொல்வதால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. அது பயனுள்ள தீர்ப்பே. ஆனால் எது வெறும் கருத்து, எது கண்டுபிடிப்பு என்ற கோட்டை அது தெளிவாக வரையாததால், நல்ல மென்பொருள் காப்புரிமையின் உரிமையாளரும் சேர்ந்தே அச்சத்தில் இருக்க நேர்ந்தது.

யாருடைய பணத்தில் வழக்கு நடக்கிறது என்பது இன்னும் இருட்டாக உள்ள பகுதி. 2021-இல் வேக்கோவில் இன்டெலுக்கு எதிராக 218 கோடி டாலர் தீர்ப்புப் பெற்ற விஎல்எஸ்ஐ நிறுவனத்தின் பின்னால் ஃபோர்ட்ரெஸ் என்ற முதலீட்டு நிறுவனம் இருந்தது. அத்தீர்ப்பு 2023-இல் மேல்முறையீட்டில் சிதைந்தது. டெலவேர் நீதிபதி கோல்ம் கானலி 2022 ஏப்ரலில், தம் முன் வழக்காடும் நிறுவனங்கள் உடைமையாளர்களையும் வெளிநிதி அளிப்பவர்களையும் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதன்பின் நடந்த விசாரணைகளில், சில வாதி நிறுவனங்களின் பெயரளவு உரிமையாளர்களுக்குத் தம் காப்புரிமையைப் பற்றியே அதிகம் தெரியவில்லை என்பதும், முடிவுகளை வேறொருவர் எடுத்துவந்தார் என்பதும் அம்பலமாயின. இந்த வெளிப்படைத்தன்மையை எல்லா நீதிமன்றங்களிலும் விதியாக்குவதற்கு நேர்மையான வாதி எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

இப்போது கவனிக்க வேண்டியது தீர்ப்பாயத்தின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை. நீதிமன்ற வழக்கு விரைவில் முடியவிருக்கிறது என்ற காரணத்துக்காகத் தீர்ப்பாயம் ஒரு முறையீட்டை ஆராயாமலே மறுக்கலாம் என்ற நிலை 2020-இல் உருவானது. 2022-இல் அதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் அக்கட்டுப்பாடுகள் திரும்பப் பெறப்பட்டன. இவ்வாறு மறுக்கப்படும் ஒவ்வொரு முறையீடும் பிரதிவாதியை மீண்டும் பல மில்லியன் டாலர் செலவுள்ள பாதைக்கே தள்ளுகிறது. அங்கே சமரசத் தொகை அதற்கேற்ப உயரும், வாதி பொருள் தயாரிப்பவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.